தாசில்தார் வெளியே வரவில்லை

அரபிப் பெரியவர் ஒன்று சொல்வார், தம்பி. "வீட்டில் ஓர் உயிரை வைத்துக்கொண்டால்..." என்று ஆரம்பிக்கும். நடுவில் வெயில் வரும், நிழல் வரும். கடைசியில் "அது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று முடிப்பாரா, "நீ அதைப் பார்த்துக்கொண்டிரு" என்று முடிப்பாரா, இப்போது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கையை இப்படி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேட்க அழகாக இருக்கும். இருக்கட்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

அபுதாபிப் பக்கம் அல் ஐன் போகிறீர்கள், நான் இருந்த அதே பேரீச்சம்பழக் கம்பெனி, அதே குடியிருப்பு என்று உங்கள் மாமா போனில் சொன்னார். என்னிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகச் சொன்னாராம். நல்ல காரியம். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் நீங்கள் பெட்டியை இறக்கி வைத்த அன்றைக்கே எவனாவது கேட்பான்: "நாசரேத்தா? அப்ப அருமைநாதனைத் தெரியுமா?" என்னைத் தெரியும் என்று சொன்னால் போச்சு. உட்காரவைத்து ஒரு கதை சொல்வார்கள். சேகு என்று ஒரு டிரைவர் இருக்கிறான், அவன் கை கால் ஆட்டி நடித்தே காட்டுவான். அவர்கள் வாயால் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்டுவிடுங்கள்.

நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லார் வீட்டுச் சாவியும் என் கையில் இருந்தது, தம்பி. அத்தனை வருஷம். ஒருவரும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு ஆமைக்காக.

சாவி என்றால் உங்களுக்குப் புரியாது. சொல்கிறேன். அங்கே ஜூன் முடிந்தால் குடும்பம் உள்ளவர்களெல்லாம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு. வெயிலும் மனிதன் இருக்கிற வெயில் இல்லை. போகிறவர்கள் வீட்டுச் சாவியை, தனியாக இருக்கிற ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாக் குடியிருப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான். கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவான், காரை ஸ்டார்ட் பண்ணி வைப்பான், ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட விடுவான், இல்லையென்றால் சோபாவில் பூஞ்சை பிடித்துவிடும். எங்கள் குடியிருப்பில் அது நான். என் கட்டிலுக்கு மேலே வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு சாவி. படுத்துக்கொண்டு பார்த்தால் ஊரே என் தலைமாட்டில் தொங்குகிற மாதிரி இருக்கும்.

ஒரு பொருளையும் தொட்டதில்லை. பார்ப்பேன். பார்க்காமல் எப்படிப் பாதுகாப்பது? ப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று. அலமாரியைத் திறந்து பார்ப்பேன், பூச்சி அரித்திருக்கிறதா என்று. எந்த வீட்டுப் பெண் அடுப்பைத் துடைக்காமல் விமானம் ஏறியிருக்கிறாள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள், எல்லாம் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்வேன்.

நான் ஏன் கோடையில் ஊருக்கு வருவதில்லை என்று கேட்காதீர்கள். எல்லாரும் போய்விட்டால் யார் பார்ப்பது? என் மனைவி ஞானத்தையும் ஒரு தடவைகூட அங்கே கூப்பிட்டதில்லை. அவளுக்கு வெயில் ஆகாது. ஞானம், ஒனக்கு வெயில் ஆகாதுல்லா? பார்த்தீர்களா, தலையாட்டுகிறாள். தம்பிக்குக் காபி கொண்டுவா.

இந்தக் குணசீலன் இருக்கிறானே, பெருந்துறைக்காரன், அவன் முதன்முதலில் வந்தபோது என் அறையில்தான் தங்கினான். சம்பளம் கைக்கு வரும்வரை என் சோற்றைத்தான் தின்றான். நெத்திலிக் குழம்பா, நேற்று வைத்த ரசமா, போட்டதைத் தின்றான். ஒரு நாளும் இது வேண்டாம் என்று சொன்னதில்லை. ஸ்டோரில் அவனுக்கு வேலை பழக்கியது நான். பிறகு அதே ஸ்டோருக்கு அவனை மேலாளராகப் போட்டார்கள். எனக்குப் பொறாமை இல்லை, தம்பி. பொறாமைப்படுகிறவன் தினமும் காலையில் அவன் மேஜையைத் துடைத்து வைப்பானா? நான் துடைத்து வைத்தேன். எல்லாரும் வந்த பிறகு, எல்லாரும் பார்க்கும்படி துடைத்து வைத்தேன்.

அவன் மனைவி ரேணுகா. ஒரே பெண், இளம்பிறை, இரண்டாம் வகுப்புப் படிக்கிற வயசு. என்னைப் பெரியப்பா என்பாள். நல்ல குழந்தைதான். கேள்வி மட்டும் அதிகம்.

ஆமை எப்படி வந்தது என்றால், முதலாளியின் அப்பா, நான் முதலில் சொன்ன பெரியவர், பண்ணையில் ஆமை வளர்ப்பார். நீங்கள் நினைக்கிற கடல் ஆமை, கிணற்று ஆமை இல்லை. இது மண்ணில் கிடப்பது. புல் தின்னும். நீந்தாது, தோண்டும். குணசீலன் ஒரு வெள்ளிக்கிழமை பெண்ணைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அது ஓர் ஆமைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்றதாம். பெரியவர் சிரித்துவிட்டு இரண்டைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டார். எனக்கு வருஷா வருஷம் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுப்பார். அந்தப் பெட்டியும் ஸ்டோரில் நானே அடுக்கியது.

பெரிய ஆமை இட்லிக் கொப்பரை அளவு இருக்கும். அது நடந்து வருகிற மிடுக்கைப் பார்த்து குணசீலன் அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்தான். சின்னது ரோஜா. அது குழந்தை வைத்த பேர். பின்பக்க மணல் முற்றத்தில், மதில் ஓரமாக இரண்டும் ஒரு குழி பறித்து வைத்திருந்தன. சாய்வாக உள்ளே போகும். முழுக் கையை விட்டாலும் அடி தட்டாது. குணசீலன் அதன் வாய்க்கு மேலே பிளைவுட் பலகையைச் சாய்த்து, ஈச்ச ஓலை பரப்பி வைத்திருந்தான். சாயங்காலம் ஒரு வாளி தண்ணீரை அந்த வாயில் ஊற்றுவான், மண் ஈரமாக இருக்க வேண்டுமாம். சாப்பாட்டுக்குக் காய்ந்த புல். மாட்டுக்கு வாங்குகிற மாதிரி கட்டு கட்டாக வாங்கிப் போட்டிருந்தான். எப்போதாவது முள் சீவிய சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி இலை. அவ்வளவுதான். ஓர் உயிரை வீட்டில் வைத்துக்கொண்டு வைக்கோல் போடுகிறான், கேட்டால் அதுதான் அதற்கு நல்லது என்கிறான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மூன்று பேரும் சாவி கொடுக்க வந்தார்கள்.

"பெரியப்பா, பகல்ல அது உள்ள தூங்கும். கூப்பிடாதீங்க."

"கூப்பிட்டா வந்துருமா கண்ணு?"

"வராது. ஆனா கூப்பிடாதீங்க."

குணசீலன் சிரித்தான். "சாயங்காலம் ஒரு நடை வந்து, தண்ணி ஊத்தி, புல்லப் போட்டாப் போதுங்கண்ணாச்சி. வெயில் எறங்கினா அதுங்களே மேல வந்து தின்னுக்கும். நீங்க பாக்கக்கூட வேண்டியதில்லீங்க."

பார்க்கக்கூட வேண்டியதில்லை! சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு என்னிடம் சொல்கிறான்.

சாயங்காலம் எனக்கு ஒத்துவராது, தம்பி. சாயங்காலம் வந்தவுடன் குளியல், ஜெபம், செய்தி, பிறகு சமையல். அத்தனை வருஷமும் அந்த ஒழுங்கு மாறியதில்லை. ஓர் ஆமைக்காக மனிதன் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்ள முடியுமா? கோடையில் அங்கே மத்தியானம் நீண்ட இடைவேளை உண்டு. வெளியில் நின்று வேலை செய்யக்கூடாது என்று சட்டம், வெயில் ஆளைச் சாய்த்துவிடும். அந்த நேரத்தில்தான் நான் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். குணசீலன் வீட்டுக்கும் அப்போதுதான் போனேன்.

முதல் நாளே எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வெயிலில் வைக்கோலா? என் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் இருந்தது. உஷ்ணத்துக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது, சொல்லுங்கள். வெள்ளரிக்காயும் நறுக்கிக் குழி வாயில் வைத்தேன். ரோஜா மட்டும் மூக்கை நீட்டியது. தின்றது, தம்பி! வாயெல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டு தின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அதிலிருந்து தினமும் ஒரு பிடி தயிர்சாதம். பிறகு அது கழிய ஆரம்பித்தது, அது வேறு விஷயம். பழகாத வயிறு.

குணசீலன் பதில் எழுதினான்: "அண்ணாச்சி, சோறு வேண்டாங்க. அதுக்கு ஆகாது. புல்லு மட்டும் போடுங்க, போதும்."

என் சோறு ஆகாது. எழுதுகிறான் பாருங்கள். என் தட்டில் கைவைத்துத் தின்றவன். அன்றைக்கு அவனுக்கு ஆனது, இன்றைக்கு அவன் வீட்டு ஆமைக்கு ஆகவில்லை. பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஆமை மேலே வருவது நின்றுவிட்டது. வெயில் ஏற ஏற இரண்டும் குழிக்குள் இறங்கிவிட்டன. நான் போகிற மத்தியானத்தில் முற்றத்தில் ஓர் அசைவும் இருக்காது. குனிந்து "தாசில்தார், தாசில்தார்" என்று கூப்பிடுவேன். எவன் வருகிறான்? வெயிலில் நெற்றி தெறிக்க, கையில் சோற்றுடன் நான் ஒரு பொந்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறேன். உள்ளே இருக்கிறவர் எழுந்து வரமாட்டார். எனக்கு அது பழக்கப்பட்ட அவமானம்தான். ஆபீசிலும் அப்படித்தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து, "பாப்பா பாக்கணும்னு அழுவுறா, முடிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்கண்ணாச்சி" என்று வந்தது. முடிந்தால்! நான் அனுப்பவில்லை. எதைப் போட்டோ எடுப்பது, பொந்தையா?

அப்போதுதான் அது நடந்தது. ரேணுகா யாருக்கோ பேசி அனுப்பியது, கை தவறிக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் விழுந்துவிட்டது. உடனே அழித்துவிட்டாள். ஆனால் அழிப்பதற்குள் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். சேகு கேட்டுவிட்டு ஓடி வந்தான். கீழக்கரைக்காரன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், என்னைப் போலக் கோடையில் தங்குகிறவன். அவன் போனில் பதிவாகியிருந்தது. போட்டுக் காட்டினான்.

"அந்தாளு பாக்கறாரோ என்னமோ, ஒரு போட்டோவக்கூடக் காணோம். அவருகிட்டச் சாவியக் குடுத்ததே தப்பு."

சேகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். "அண்ணாச்சி, ஒங்க ஆணியெல்லாம் ஆட்டங் கண்டுருச்சே."

அந்தாளு. அண்ணாச்சி இல்லை, அந்தாளு. சாவி கொடுத்தது தப்பு. அத்தனை வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டார்கள், தம்பி. ஊரில் அவரவர் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். எனக்கென்று அங்கே வேறு என்ன இருந்தது? பதவியா, குடும்பமா? அருமைநாதன் கையில் சாவி இருந்தால் கவலையில்லை என்கிற பேர் ஒன்றுதான். அது போனால் நான் யார்?

காபி ஆறிவிடும், குடியுங்கள்.

மறுநாள் மத்தியானம் மண்வெட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனேன். குழி வாயை அகலமாக வெட்டினேன். ரோஜா சுலபமாக வந்துவிட்டது. தாசில்தார் வரமாட்டேன் என்றது. காலை இழுத்தால் உடம்பை உப்பிக்கொண்டு குழிச் சுவரோடு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அவ்வளவு திமிர். ஓட்டுக்குக் குறுக்கே கயிற்றைப் போட்டு, மதிலில் காலை உதைத்து இழுத்தேன். உஸ்ஸென்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டே வந்தது. பின்காலில் கொஞ்சம் தோல் உரிந்தது. மஞ்சள் வைத்தேன். நடைபாதைக் கல் ஒன்றைத் தூக்கி வந்து குழி வாயை மூடி, அதன்மேல் ஹாலோ பிளாக் இரண்டை ஏற்றினேன். மூடாவிட்டால் நான் முதுகைத் திருப்புவதற்குள் உள்ளே போய்விடும்.

சும்மா வெயிலில் விட்டேன் என்று சேகு சொல்வான். நம்பாதீர்கள். பிளைவுட் பலகையை நிமிர்த்தி நிழல் செய்தேன். பேசின் நிறையத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் சுட்டதாம். அங்கே குழாயைத் திறந்தாலே சுடுதண்ணீர்தான் வரும், அது என் குற்றமா? தாசில்தார், ரோஜா, பேசின், வெள்ளரித் துண்டு, எல்லாம் விழும்படி ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். தனியாகக் குணசீலனுக்கு இல்லை, குழுவில். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். "அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்" என்று ஒருவர் எழுதினார். ரேணுகாவும் ஒரு பூ அனுப்பினாள்.

குழந்தைதான் பேசி அனுப்பியது. "பெரியப்பா, ஏன் வெளியில இருக்கு? உள்ள போகச் சொல்லுங்க."

நானும் பேசி அனுப்பினேன். "ஒன்னயப் பாக்கத்தான் கண்ணு வெளிய வந்திருக்கு."

அதன் பிறகு தினமும் போட்டோ. ஒரு நாளும் தவறவில்லை. அதற்காக என்னை யாராவது பாராட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சேகு ஒரு நாள் என்னோடு வந்தான். முற்றத்தில் கால் வைத்துவிட்டுச் செருப்பை மாற்றி மாற்றித் தூக்கினான். "அண்ணாச்சி, தரை தோசைக்கல்லு மாதிரி இருக்கு. அது வாயைப் பாருங்க, நொரை தள்ளுது."

"தயிரு தின்ன வாயில்லா. நொரைக்கத்தான் செய்யும்."

"கல்ல நகட்டி விடுங்க."

"நகட்டினா உள்ள போயிரும்."

"போனாப் போகட்டும். அது வீட்டுக்கு அது போகுது. ஒங்களுக்கு என்ன?"

"அப்ப போட்டோவுக்கு நீ வந்து குத்தவச்சி இருக்கியா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். ஆனாலும் அவன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. உடம்புச் சூடு என்று எனக்கும் பட்டது. சூட்டுக்கு என்ன செய்வோம்? சனிக்கிழமை நல்லெண்ணெய் வாங்கி வந்து, இரண்டின் ஓட்டிலும் கழுத்திலும் நன்றாகத் தடவினேன். சொந்தக் குழந்தைக்குத் தடவுகிற மாதிரி. அன்றைய போட்டோ ரொம்ப நன்றாக வந்தது. ஓடு கண்ணாடி மாதிரி மின்னியது. அதைப் பார்த்துவிட்டுச் சேகு குழுவில் எழுதினான்: "எண்ணெயும் தடவியாச்சு, வெங்காயம் நறுக்கவா?" எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒருவன் உண்மையாக உழைக்கும்போது நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஞானம் ஒரு தடவை போனில் சொன்னாள், "சும்மா விட்டுருங்களேன் அதுகள" என்று. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அதோடு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

பிறகு ஒரு மத்தியானம். நான் போனபோது தாசில்தார் பலகை நிழலில் ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. ரோஜா அந்த மூடிய கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. தலையை முழுக்க வெளியே நீட்டி, முன்னங்கால் இரண்டையும் கல்லின்மேல் வைத்து, ஆள் கதவில் கைவைத்துத் தூங்கிப்போன மாதிரி. கல்லின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கீறல். நகம் தேய்ந்து போயிருந்தது. நல்ல கோணம் என்று போட்டோ எடுத்து அனுப்பினேன்.

குழந்தையிடமிருந்து உடனே வந்தது. ரகசியம் பேசுகிற குரலில், "ரோஜா தூங்குது பெரியப்பா. சத்தம் போடாதீங்க."

அதைக் கேட்டுவிட்டுத்தான் காலால் தொட்டுப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

அதற்கு வயசாகியிருக்கும், தம்பி. ஆமைக்கு எத்தனை வயசு என்று யாருக்குத் தெரியும்? பெரியவரும் சொன்னதில்லை. நம்மிடம் வரும்போதே அதற்கு உள்ளுக்குள் ஏதாவது இருந்திருக்கும். ஒரு பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியில் அதை வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலாக வைத்தேன். ஊரில் சந்தோஷமாக இருக்கிறவர்களை எதற்குக் கலைப்பது? பழைய போட்டோக்கள் என் போனில் நிறைய இருந்தன. அதில் ஒன்றை அனுப்பினேன். மறுநாள் வேறொன்று.

இதற்குள் தாசில்தார் ஒரு வேலை செய்தது. நான் இல்லாத நேரத்தில், கல் வைத்த இடத்தை விட்டுத் தள்ளி, மதில் மூலையில் புதிதாகக் குழி தோண்டி இறங்கிவிட்டது. இந்தத் தடவை ஆழமாக. கம்பை விட்டுப் பார்த்தேன், முனையில் ஓடு தட்டியது, கயிறு எட்டவில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே பறிக்கிற சத்தம் கேட்கும். சரக், சரக். நிற்கும். மறுபடியும் சரக். சரி, ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய போட்டோதான் இருக்கிறதே.

குழந்தை கண்டுபிடித்துவிட்டது. "பெரியப்பா, இது முன்னாடியே அனுப்பினது. தாசில்தார் முதுகுல புறா எச்சம் அதே எடத்துல இருக்கு."

என்ன வளர்ப்பு பாருங்கள். பெரியவர்கள் அனுப்புகிற போட்டோவில் எச்சம் தேடுகிறது.

அன்றைக்குக் காலையிலேயே குணசீலன் கூப்பிட்டான். அவன் குரல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிற குரல். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. ரெண்டும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"நெசமாச் சொல்லுங்க. ஒண்ணு கிண்ணு ஆயிருந்தாக்கூடச் சொல்லிருங்க. ஒங்கள ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். பாப்பாவுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லணுமுங்க."

ஒன்றும் சொல்லமாட்டானாம். மன்னிக்கிறானாம். என்னை. எனக்குச் சுரீரென்றது.

"ரெண்டும் உள்ள இருக்கு. வெயிலுக்கு எறங்கிட்டு. நீதானப்பா சொன்ன, பகல்ல தூங்கும்னு."

 "சரிங்க. நானும் பாப்பாவும் முன்னாடியே பொறப்பட்டு வர்றமுங்க. நாளைக்குக் காலைல எறங்கறோம்" என்றான். பின்னால் அந்தக் குழந்தை கேட்பது கேட்டது: "ரெண்டும் இருக்குதாப்பா?" "இருக்குதாம் கண்ணு." அது கைதட்டியது.

ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வரச் சேகுவிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவன் என் அறைக்கு வந்தான். சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டி விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது, நாற்றம் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். "அண்ணாச்சி, வாங்க, அத மண்ணுல பொதச்சிருவோம். வர்ற வழியில அவர்ட்ட நான் பேசுறேன். ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்குன்னு சொல்லுவோம். மூலையில தண்ணி ஊத்தி வச்சா தாசில்தாரு சாயங்காலம் மேல வந்துரும். புள்ளைக்கு ஒண்ணாவது மிஞ்சட்டும்."

"நீ போய் வண்டியக் கழுவு" என்றேன்.

அவன் நின்று பார்த்தான். "என்ன மனுஷன் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். என் அறையில் நின்று, என்னிடம்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அவசரப்படுகிற ஆள் இல்லை நான், எல்லாவற்றையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றுதான் மேலே வந்தால் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று கேட்டால் எப்போது என்று கேட்பார்கள். எப்போது என்று கேட்டால் போட்டோவை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அந்தக் கல்லும் கீறலும் அதில் இருக்கின்றன. அப்போது குணசீலன் என்னைப் பார்த்து, பரவாயில்லைங்கண்ணாச்சி என்பான். எல்லார் முன்னாலும் சொல்வான். இரண்டுமே மேலே வராவிட்டால் ஒரு கேள்வியும் இல்லை. மண் சரிந்திருக்கும். புது மண், இளகின மண், சரியாதா? அதுவும் தவிர, அதற்கு மண்ணுக்குள் இருக்கத்தானே ஆசை? நான் இழுத்து வெளியே போட்டால் சீறியது. குழந்தையும் கூப்பிடாதீங்க என்றுதான் சொன்னது. அத்தனை பேரும் ஒரே குரலில், விடு, விடு, உள்ளே விடு என்றார்கள். நான் மட்டும்தான் அதை வெளியே வைத்துப் பார்க்க வேண்டும் என்று பாடுபட்டவன்.

அன்றைய மத்தியான இடைவேளை. முற்றத்தில் ஈ காக்கை இல்லை. மண்வெட்டியும் ரோஜா இருந்த பெட்டியும் எடுத்துக்கொண்டு மதில் மூலைக்குப் போனேன். குனிந்து கேட்டேன். உள்ளே சரக், சரக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. முன்பைவிட மேலே, வாய்க்குப் பக்கமாக.

ரோஜாவை முதலில் உள்ளே தள்ளி, அதன்மேல் பிளாக்கை இறக்கி, மண்ணைப் போட்டு மிதித்துக் குழியை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். மூடினேன்.